ஊர்வலத்தில் ஒரு கோட்டைக் கதவு

எங்கள் அரசுக் கலைக் குழுவின் விழா நெறிமுறைகளில் பதினேழாவது விதி இது: ‘ஊர்வலத்தில் எடுத்துச் செல்லப்படும் கதவுகள், புறப்படும் இடம் முதல் சேரும் இடம் வரை திறந்தே இருத்தல் வேண்டும்.’

இந்த விதியைப் பற்றிப் போன மாதம் ஃபாத்திமா தொலைபேசியில் கேட்டாள். ஓய்வுபெற்று நான் காலி செய்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள். கெட்டிக்காரி. விண்ணப்பங்களை எல்லாம் இணையத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு விதியையும் கணினியில் ஒரு கட்டத்துக்குள் அடைக்க வேண்டுமாம்.

“சார், இந்தப் பதினேழை எந்தக் கட்டத்துல போடறது? கம்ப்யூட்டர்காரர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஊர்வலத்துல யாருங்க கதவைத் தூக்கிட்டுப் போவாங்கன்னு கேக்கறார்.”

“ஒருத்தர் போனார்மா.”

“எதுக்கு?”

“மகள் கல்யாணத்துக்கு.”

எனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பாள். பிறகு, “சார், தோ பக்கம் எழுதிக் குடுத்துடுங்க. ஃபைல்ல வச்சுக்கறேன்” என்றாள். தோ பக்கம் என்றால் இரண்டு பக்கம். முப்பத்துநான்கு வருடம் கோப்பு எழுதியவனிடம் இரண்டு பக்கம் கேட்பது அவமானம். அதனால் கொஞ்சம் கூடவே எழுதியிருக்கிறேன்.

நான் கலைஞன் இல்லை. டெலானிபூர் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். வரலாற்றில் எம்.ஏ. படிக்கக் கடல் தாண்டி மெயின்லேண்டு போனேன்; படித்து முடித்துக் கப்பலேறித் திரும்பினேன்; தட்டச்சுத் தேர்வு எழுதி எழுத்தரானேன். மூன்று அலுவலகங்களில் பன்னிரண்டு ஆண்டுகள் கோப்புகளுக்கு நாடா கட்டிய பிறகு கலைக் குழுவுக்கு மாற்றினார்கள். இது தண்டனையா என்று மேலாளரிடம் கேட்டேன். “சேச்சே, அங்கே ஃபேன் நன்றாக ஓடும்” என்றார். ஓடியது. அதன் கீழேயே இருபத்திரண்டு ஆண்டுகள் ஓடின.

குழுவின் வேலை எளிது. எங்கள் தீவுகளில் வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் என்று விண்ணப்பதாரர்களில் பெரும்பாலோர் எப்போதோ கப்பலில் வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள். இறங்கும்போது ஆளுக்கொரு மேளத்தையும் கையோடு கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த மேளங்கள் ஒரே நேரத்தில் அடிக்கப்படாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் வேலை. வருடாந்தர விழாவுக்கு விண்ணப்பம் வாங்குவோம், சரிபார்ப்போம், வரிசைப்படுத்துவோம். மேடை நிகழ்ச்சிக்குப் பன்னிரண்டு நிமிடம், பதினைந்து பேர். பதினைந்து என்பது மேடையின் பலம் பற்றிப் பொறியாளர் கொடுத்த சான்று. பன்னிரண்டு ஏன் என்று யாருக்கும் தெரியாது. நான் சேர்ந்தபோதே பன்னிரண்டாகத்தான் இருந்தது. நான் தொந்தரவு செய்யவில்லை.

இந்தப் பன்னிரண்டு நிமிடத்தை மஜும்தார் சாஹிப் காவல் காத்தார். எங்கள் செயலர். முன்பு விளையாட்டுப் போட்டிகளை நடத்திக்கொண்டிருந்தவர்; அங்கிருந்து வரும்போது கழுத்தில் ஒரு ஸ்டாப் வாட்ச்சும் கையில் ஒரு மணியும் கொண்டுவந்தார். நடனமோ நூறு மீட்டர் ஓட்டமோ, அவருக்கு இரண்டும் ஒன்றுதான்; நடனத்தில் தோற்றவர் யார் என்பது மட்டும் சட்டென்று தெரிவதில்லை என்பது அவர் குறை. ஒருமுறை ஒரு பஜனைக் குழு மேடையேறியது. தலைவர் மைக்கைப் பிடித்து, வந்திருந்த பிரமுகர்களைப் பெயர் சொல்லி வணங்க ஆரம்பித்தார். முன்வரிசை முடிந்து மூன்றாம் வரிசைக்கு வந்தபோது பதினொரு நிமிடம் ஐம்பது வினாடி. அவர் திரும்பிக் குழுவுக்குச் சைகை செய்தார், ஆர்மோனியக்காரர் கையைத் தூக்கினார், சாஹிப் மணியடித்துவிட்டார். அவர்களும் எழுந்து கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள். பிரமுகர்கள் மனதாரக் கைதட்டினார்கள். அந்தக் குழுவுக்கு மூன்றாம் பரிசு. நேரக் கட்டுப்பாட்டுக்காக.

சாஹிப்பிடம் கோப்பு போவதற்கும் ஒரு முறை உண்டு. நான் குறிப்பு எழுதி அனுப்புவேன். அவர் ஓரத்தில் ‘பேசவும்’ என்று எழுதித் திருப்புவார். நான் போய்ப் பேசுவேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதெல்லாம் வாய்வார்த்தையில் வேண்டாம் பாபு, எழுதிக் கொண்டுவாருங்கள்” என்பார். எழுதிக் கொண்டுபோவேன். ‘பேசவும்’ என்று எழுதுவார். மூன்று சுற்று வந்தால் ஒப்புதல் என்று பொருள். இதை நான் கண்டுபிடிக்க நான்கு ஆண்டுகள் ஆயின. அதன் பிறகு முதல் நாளே மூன்று குறிப்புகளையும் எழுதி வைத்துக்கொள்வேன்.

இனிக் கதவுக்கு வருகிறேன்.

நான் ஓய்வுபெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு, சில்வெஸ்டர் என்பவர் விண்ணப்பத்தோடு வந்தார். படகு எஞ்சின் விற்பவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த கத்தோலிக்கக் கடற்கரைக் குடும்பம். நல்ல உயரம், நல்ல குரல், சட்டைப் பையில் நான்கு பேனா. கோவில் திருநாளில் அவர்கள் ஆடும் கூத்தை முதல்முறையாக எங்கள் விழாவில் போட வேண்டும் என்றார். ஒரு புனிதரின் கதை. சில்வெஸ்டருக்கு அதில் ராசா வேடம்.

“எத்தனை பேர்?”

“நாப்பத்திரண்டு.”

“எவ்வளவு நேரம்?”

“சுருக்கிப் போட்டா எட்டு மணி நேரம்.”

நான் நெறிமுறைப் புத்தகத்தைத் திறந்து அவர் பக்கமாகத் திருப்பினேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

“பன்னெண்டு நிமிஷமா? சார், ராசா வாராருன்னு சொல்லுததுக்கே இருபது நிமிஷம் ஆவும்லா.”

“ராசா சீக்கிரம் வரணும். பதினஞ்சு பேரோட வரணும்.”

யோசித்துவிட்டு வருகிறேன் என்று போனார். மூன்று நாளில் பதினைந்து பேர் பட்டியல் வந்தது. கோப்பில் சேர்த்து முதல் குறிப்பை எழுதினேன். சுலபமாக முடிந்ததே என்று நினைத்தேன். எந்தக் காகிதமும் சுலபமாக முடியாது என்பதை அத்தனை வருடம் கழித்தும் நான் மறந்திருந்தேன்.

மறுநாள் ஒரு பெண் வந்தாள். துறைமுகத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை, சீருடையோடே வந்திருந்தாள். பெயர் ஜெசிந்தா. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சார், நீங்கதான் எங்க கூத்துலேர்ந்து இருபத்தேழு பேர எடுக்கச் சொன்னீங்களா?”

“நான் சொல்லலம்மா. விதி சொல்லுது.”

“அதுல மொதல்ல எடுத்தது எங்கப்பாவ. மிக்கேல்னு பேரு. ரெண்டாவது வாயில்காவலன். அப்பாவுக்கு ஒரு வரி சார். அந்த வரி இருந்தா எனக்குக் கல்யாணம். இல்லன்னா இல்ல.”

நான் பேனாவை மூடி வைத்தேன். அவள் விளக்கியது இதுதான். அந்தக் கூத்தில் ஒவ்வொரு வேடமும் ஒரு வீட்டுக்குச் சொந்தம். தகப்பனுக்குப் பிறகு மகன், மகன் இல்லாவிட்டால் மருமகன். யாருக்குக் குரல் இருக்கிறது, யாருக்கு நடக்க வருகிறது என்பதெல்லாம் கேள்வியே இல்லை. வேடத்தை எடுத்துவிட்டால் அந்த வீட்டை ஊர்க் கணக்கிலிருந்து எடுத்ததாக அர்த்தம். மிக்கேல் தச்சர், ஹேவ்லாக் தீவில் ரிசார்ட்டுகளுக்கு வேலை செய்பவர், முப்பது வருடமாகத் திருநாளுக்குத் திருநாள் அந்த ஒரு வரியைச் சொல்லவே கப்பலேறி வருகிறார். “அவன் அங்க ஹேவ்லாக்ல கெடக்கான், ஒரு வரிதானே” என்று அவரை நீக்கியது சில்வெஸ்டர். அந்தச் சில்வெஸ்டரின் மகனுக்குத்தான் ஜெசிந்தாவைப் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த ஞாயிறு முதல் கோவிலில் கல்யாண ஓலை, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்ற அறிவிப்பு, வாசிக்க வேண்டும். மிக்கேல் பங்குச் சாமியாரிடம் போய், ஓலையை நிறுத்தி வையுங்கள் என்று சொல்லிவிட்டார்.

“சம்மந்தியா முன்வரிசையில வந்து ஒக்காருங்கன்னு மாமா சொல்லிப் பாத்தாங்க சார். ‘என்னச் சவப்பெட்டியில வச்சுத் தூக்கிட்டு வந்தாத்தான் நான் முன்வரிசையில இருப்பேன்’னு அப்பா போன வச்சிட்டாரு.”

“மாப்பிள்ளை என்ன சொல்றார்?”

“அவர் கூத்துல குதிரை சார். பின்னங்கால். அவர யாரும் எதுவும் கேக்கறதில்ல.”

“அப்பா சொல்ற வரிதான் என்ன?”

“‘நில்லும்! யாரானாலும் நில்லும்!’” கவுண்டரில் வரிசையை ஒழுங்குபடுத்திய குரல், அலுவலகமே நின்றது. “அதுக்கப்புறம் ராசா எங்கப்பாவத் திட்டுவாரு. ‘விலகிப் போ, அற்பப் புழுவே’ன்னு. திட்டினதும் அப்பா கதவத் தொறக்கணும். அவ்வளவுதான் சார் அப்பா வேசம்.”

விதிகளை அறிந்தவன் என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. பலர் அதைப் பாராட்டாகச் சொல்வதில்லை. ஆனால் அன்று மாலை குட்வில் எஸ்டேட்டில் என் வீட்டில் நெறிமுறைப் புத்தகத்தை முதலிலிருந்து படித்தேன். மேடை நிகழ்ச்சிக்கு வரம்பு உண்டு. கண்காட்சிக்கு வரம்பு உண்டு. விழாவின் முதல் நாள் பண்பாட்டு ஊர்வலத்துக்கு? ஆள் வரம்பு இல்லை. நிகழ்ச்சிக்கு என்று நேர வரம்பும் இல்லை; டெலானிபூர் மேட்டில் தொடங்கிச் சரிவில் இறங்கித் திடலுக்கு வந்து சேர வேண்டும், நடந்தால் நாற்பது நிமிடம். நிபந்தனைகள் மூன்றுதான்: ஊர்வலம் சாலையின் இடது ஓரமாகச் செல்ல வேண்டும், பின்னோக்கிச் செல்லக் கூடாது, எங்கும் நிற்கக் கூடாது.

கூத்து நடந்துகொண்டே நடக்கட்டும் என்று சில்வெஸ்டரிடம் சொன்னேன். முதலில் முறைத்தார். பிறகு நாற்பத்திரண்டு பேரும் உண்டு என்றதும் முகம் மாறியது. எட்டு மணி நேரத்தை நாற்பது நிமிடமாக்கும் வேலையில் இறங்கினார்.

“பாட்டெல்லாம் ஒத்தச் சரணம். சண்ட ஒண்ணே ஒண்ணு. சாவுதவங்க எல்லாரும் ஒட்டுமொத்தமா செத்துருவோம் சார்.”

“செத்தவங்க ரோட்டுல படுக்கக் கூடாது. ஊர்வலம் நிக்கக் கூடாது.”

“அப்பம் செத்தவங்க?”

“நடந்து வரணும்.”

அன்றைய கூட்டக் குறிப்பில் இது என் கையெழுத்தில் இருக்கிறது: ‘இறந்தவர்கள் தாமதமின்றித் தொடர்ந்து நடந்து வர வேண்டும்.’ ஃபாத்திமா விரும்பினால் எடுத்துப் பார்க்கலாம்.

மிச்சமிருந்தது ரெண்டாவது வாயில்காவலன். நிற்கவே கூடாத ஊர்வலத்தில் ‘நில்லும்’ என்று சொல்வதுதான் அவர் வேலை. இதைத் தீர்க்க மிக்கேல் ஹேவ்லாக்கிலிருந்து முதல் கப்பலில் வந்தார். குட்டையான மனிதர், காதில் பென்சில். சில்வெஸ்டரும் அதே அறையில் இருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் என்னிடம் பேசினார்கள்.

“சார், அவர்ட்ட சொல்லுங்க. நான் சொன்னா ராசா நிக்கணும்.”

“சார், அவன்ட்ட, அவர்ட்ட சொல்லுங்க. நின்னா போலீசுக்காரன் என்னப் புடிப்பான்.”

“அப்பம் நான் என்னத்துக்கு ‘நில்லும்’னு சொல்லுதேன்? கொய்யாப்பழம் விக்கவா?”

முடிவில் மிக்கேலே வழி சொன்னார். கோட்டைக் கதவையும் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். நான்கு பேர் கழியில் கதவைச் சுமந்து முன்னே போவார்கள். கதவுக்கும் ராசாவுக்கும் நடுவே மிக்கேல், ராசாவைப் பார்த்தபடி, பின்னடி வைத்து நடப்பார். ‘நில்லும்’ என்பார், ராசா நிற்காமல் நின்றதுபோல் பாவனை செய்வார், திட்டுவார், மிக்கேல் கதவைத் திறப்பார், தூக்குபவர்கள் நடையைத் தளர்த்தினால் ராசா உள்ளே நுழைந்துவிடுவார்.

கோப்பு மஜும்தார் சாஹிப்பிடம் போனது. ‘பேசவும்.’ போனேன். அவருடைய ஐயம் ஒன்றுதான்: காவலன் பின்னோக்கி நடக்கிறானே, அது ‘பின்னோக்கிச் செல்லக் கூடாது’ என்ற நிபந்தனையை மீறுவதாகாதா? முகம் பின்பக்கம் இருந்தாலும் ஆள் முன்பக்கம்தான் போகிறார் என்று நான் எழுத்தில் கொடுத்தேன், படத்தோடு. அம்புக்குறி போட்டேன். மூன்றாம் சுற்றில் ஒப்புதல் வந்தது.

மிக்கேல் செய்த கதவு எட்டடி உயரம். பிளைவுட்டில் இரட்டைக் கதவு, நிஜக் கீல், நிஜப் பூட்டு, கீழே முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புத் தாழ்ப்பாள். பார்க்க வந்தவர்கள் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். கோவில் வளாகத்தில் ஒத்திகை வைத்தார்கள். நான் போய்ப் பார்த்துச் சான்று எழுதினேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. கோவில் வளாகம் சமதளம். டெலானிபூர் சாலை சரிவு. நான் அந்தச் சரிவில் பிறந்து வளர்ந்தவன். சைக்கிளில் விழுந்து இரண்டு பல்லை இழந்தவன். அதை நினைத்துக்கூடப் பார்க்காமல் ‘திருப்திகரம்’ என்று கையெழுத்துப் போட்டேன். பிழை என்னுடையதுதான்.

விழாவன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஊர்வலம் புறப்பட்டது. இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடும் என்பதால் எதையும் வெள்ளென முடித்தாக வேண்டும். ஹேவ்லாக்கிலிருந்து மிக்கேலின் சொந்தபந்தம் ஒரு கப்பல் நிறைய வந்து சாலையோரம் நின்றிருந்தது. சில்வெஸ்டர் வீட்டார் எதிர் ஓரத்தில். கல்யாணம் உண்டா இல்லையா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும் என்று இரு பக்கத்துக்கும் தெரியும். அதனால் யாரும் யாருக்கும் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

முன்னால் கதவு. அடுத்து மிக்கேல், ஈட்டியோடு, பின்னடி வைத்து. அடுத்து ராசா, தகரக் கிரீடம், சிவப்பு அங்கி. அவருக்குப் பின்னால் குதிரை: துணிக்குள் இரண்டு பேர், பின்னங்கால் மாப்பிள்ளை. பிறகு வீரர்கள், பெண்கள், செண்டை மேளம் வாங்க முடியாமல் அதற்குப் பதிலாகக் கொண்டுவந்த பேண்டு வாத்தியம், கடைசியில் செத்தவர்கள். எல்லோருக்கும் பின்னால் ஜீப்பில் மஜும்தார் சாஹிப்பும் சிறப்பு விருந்தினரும். நான் கதவின் பக்கமாகக் கையில் படிவத்தோடு நடந்தேன்.

முதல் வளைவு வரை குறையில்லை. வளைவு திரும்பியதும் சரிவும் காற்றும் சேர்ந்து வந்தன. மூடிய கதவு என்றால் எட்டடிப் பாய். பின்னாலிருந்து அடித்த காற்று கதவைத் தள்ள, கதவு தூக்குபவர்களைத் தள்ள, நடை வேகமாகி, வேகம் ஓட்டமானது. மிக்கேல் பின்னடி வைத்து ஓடினார். மனிதன் அப்படி ஓட முடியும் என்று அன்றுதான் கண்டேன். ராசா கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு அவரைத் துரத்தினார்.

“நில்லும்!” என்றார் மிக்கேல். வசனமா வேண்டுகோளா என்று தெரியவில்லை. “யாரானாலும் நில்லும்! ஏலே, ஒங்களத்தாம்லே! கதவத் தாழ எறக்குங்கலே!”

தூக்கியவர்கள் கதவைச் சாலையில் இறக்கினார்கள். நிபந்தனைப்படி இடது ஓரமாக வந்ததால், சாக்கடையை மூடியிருந்த சிமென்ட் பலகைமேல் இறங்கியது. மிக்கேல் தச்சரின் வேகத்தோடு குனிந்து இரும்புத் தாழ்ப்பாளை இழுத்துவிட்டார். பலகையில் தண்ணீர் இறங்க ஓர் ஓட்டை. தாழ்ப்பாள் அதற்குள் ஒரு சாண் இறங்கி நின்றது. கோட்டைக் கதவு அரசாங்கச் சாலையில் முறைப்படி பூட்டப்பட்டுவிட்டது.

ராசா நின்றார். குதிரை ராசாமேல் மோதி நின்றது. வீரர்கள் குதிரைமேல். பேண்டு அபசுரத்தோடு வீரர்கள்மேல். பின்னால் செத்தவர்களில் ஒருவர், “யாருவே மிதிச்சது?” என்றார்.

மிக்கேல் நிமிர்ந்து, ஈட்டியைச் சாலையில் ஊன்றி, மூச்சு வாங்கியபடி ராசாவைப் பார்த்தார். இப்போது சில்வெஸ்டர் திட்ட வேண்டும்.

சில்வெஸ்டர் வாயைத் திறந்தார். மூடினார். இடது ஓரத்தைப் பார்த்தார். மிக்கேலின் தம்பி, மச்சான், மைனி, ஹேவ்லாக்கின் பாதி அங்கே நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. முப்பது வருடம் மிக்கேலை அற்பப் புழு என்று திட்டியவர்தான். அப்போதெல்லாம் மிக்கேல் சம்மந்தி இல்லை. சமாதானத்துக்கு வந்த இடத்தில், பெண்வீட்டார் முன்னால், பெண்ணின் தகப்பனைப் புழு என்பதா? மெதுவாகச் சொன்னார்:

“விலகிக்கிடுங்க.”

“என்னது?” என்றார் மிக்கேல்.

“கொஞ்சம் விலகிக்கிடுங்க... அண்ணாச்சி.”

மிக்கேலின் முகம் சிவந்தது. “அண்ணாச்சியா? எந்த ஏட்டுல இருக்கு அண்ணாச்சி? என் பாகத்த மறுபடியும் வெட்டுதீரோ? ஒழுங்கா வசனத்தச் சொல்லும்வே!”

“எல்லாரும் நிக்காவ, எப்படிச் சொல்லுவேன்?”

“சொல்லாட்டி தொறக்க மாட்டேன்.”

அதற்குள் சாஹிப் ஜீப்பிலிருந்து இறங்கி, செத்தவர்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். கையில் ஸ்டாப் வாட்ச். “ஜுலூஸ் ருக்கா க்யோன், பாபு? ஊர்வலம் ஏன் நின்றது?”

“டயலாக் பாக்கி ஹை, சாஹிப்.”

“யாருடைய டயலாக்?”

“ராசாவுடையது. திட்ட வேண்டும். திட்டினால் கதவு திறக்கும். ராசா திட்ட மறுக்கிறார்.”

“ஏன்?”

“மரியாதை.”

சாஹிப் என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், குனிந்து தாழ்ப்பாளையும் பார்த்தார். அவருடைய விளையாட்டு அனுபவத்தில் இதற்கு விதி இல்லை. குதிரையின் பின்பக்கத்திலிருந்து, “என்னாச்சு? யாராவது சொல்லுங்களேன், எனக்கு ஒண்ணும் தெரியல” என்று மாப்பிள்ளையின் குரல் வந்தது. வழக்கம்போல யாரும் பதில் சொல்லவில்லை.

ஒரு நிமிடம் போனது. இரண்டு போனது. மிக்கேலின் கண் கலங்கியிருந்தது, ஈட்டி ஆடவில்லை. இடது ஓரத்தில் மிக்கேலின் மச்சான், “வாங்கய்யா, நாலு மணிக் கப்பலப் புடிப்போம்” என்று துண்டை உதறித் தோளில் போட்டார். அவரோடு நாலைந்து பேர் நகர்ந்தார்கள். கல்யாணம் என் கண்முன்னே மேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கியது.

அப்போது கூட்டத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது. கவுண்டர் குரல்.

“மாமா! எங்கப்பாவத் திட்டுங்க மாமா!”

எல்லோரும் திரும்பினார்கள். ஜெசிந்தா ஒரு மதில்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள்.

“நல்லாத் திட்டுங்க! எனக்குக் கல்யாணம் ஆவணும்!”

சில்வெஸ்டர் அங்கியை உதறிக்கொண்டார். கிரீடத்தை நேராக்கினார். எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய அந்த நெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது பாருங்கள், மேட்டில் இருந்த நாய்கள்கூட எழுந்து நின்றன.

“விலகிப் போ, அற்பப் புழுவே!”

மிக்கேலின் முகம் மலர்ந்தது. இத்தனை சந்தோஷமாகத் திட்டு வாங்கியவரை நான் பார்த்ததில்லை. நானும் பல மேலதிகாரிகளின் கீழ் வேலை பார்த்தவன். குனிந்து தாழ்ப்பாளை உருவினார், பூட்டை நீக்கினார், இரண்டு கதவையும் விரியத் திறந்தார். காத்திருந்த காற்று உள்ளே புகுந்தது. தூக்கியவர்கள் கழியோடு கிளம்பினார்கள், ராசா நுழைந்தார், குதிரை நான்கு காலும் நான்கு திசையாக நுழைந்தது, பேண்டும் வீரர்களும் செத்தவர்களும் ஒருவர் பாக்கியில்லாமல் கோட்டைக்குள் புகுந்து அப்படியே சரிவில் உருண்டோடித் திடலைச் சேர்ந்தார்கள். வரவேற்பதற்கு அங்கே ஆள் வந்திருக்கவில்லை. நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்கள் பயந்து ஓடினார்கள்.

விசாரணை நடந்தது. ஊர்வலம் நின்றது நான்கு நிமிடம் என்று சாஹிப்பின் ஸ்டாப் வாட்ச் சொன்னது. குறித்த நேரத்துக்கு ஆறு நிமிடம் முன்னதாகவே சேர்ந்தது என்று என் படிவம் சொன்னது. நின்ற ஊர்வலம் முன்கூட்டிச் சேர முடியாது. ஆகவே இரண்டில் ஒன்று தவறு என்று சாஹிப் கருதினார். எது என்று முடிவு செய்ய முடியாமல், மூல காரணத்தை நீக்குவதே முறை என்று எழுதினார். மூல காரணம், மூடிய கதவு. மூன்று சுற்றுகளில் பதினேழாவது விதி பிறந்தது. அதன் கீழே முதல் கையெழுத்து என்னுடையது. எந்தக் கட்டத்தில் போடுவது என்றால், ‘பாதுகாப்பு’ என்ற கட்டம் இருந்தால் அதில் போடம்மா.

கோப்பில் இல்லாத ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

திடலில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்கள். நான் படிவத்தில் பங்கேற்றவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். சில்வெஸ்டர் தரையில் காலை நீட்டிக் கிடந்தார். அங்கி கிழிந்திருந்தது. மிக்கேல் அவர் பக்கத்தில் வந்து நின்றார். சில்வெஸ்டர் அண்ணாந்து பார்த்தார்.

“வசனத்துக்குத்தான் சொன்னேன். மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீங்க.”

மிக்கேல் ஈட்டியை ஓரமாக வைத்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தார்.

“முப்பது வருசமா நீங்க அத வாய்க்குள்ளயே முணுமுணுப்பீங்க. எனக்குக் காதே கேக்காது. இன்னைக்குத்தான் சரியாச் சொன்னீங்க, சம்மந்தி,” என்றார். “வாரீங்களா? சாமியார் கோவில்லதான் இருப்பாரு. ஞாயித்துக்கெழம ஓலைய வாசிக்கச் சொல்லிட்டு வந்துருவோம்.”

சில்வெஸ்டரால் எழுந்திருக்க முடியவில்லை. மிக்கேல் கை கொடுத்துத் தூக்கினார். இருவரும் வேடத்தைக் கலைக்காமலே சாலையில் ஏறி நடந்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் ராசாவைப் பார்த்துச் சலாம் போட்டு நிறுத்தினார். குதிரையின் பின்னங்காலை யாரோ அப்போதுதான் துணியிலிருந்து விடுவித்தார்கள். வெளியே வந்த பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தான். ஜெசிந்தா நேரே அவனிடம் போய், சட்டையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு, “ஞாயித்துக்கெழம லீவு போடு” என்றாள்.